லாபியில் கறை

கேமராவில் கறை நகர்கிறது என்று புகார் வந்திருந்தது. கறை எங்கேயாவது நகருமா? லென்ஸில் எட்டுக்கால் பூச்சி கூடு கட்டியிருக்கும், துடைத்துவிட்டு வந்துவிடு என்று சொல்லித்தான் முதலாளி எஸ்தரை அந்த அடுக்குமாடிக்கு அனுப்பினார்.

பழைய மகாபலிபுரம் சாலையில் அந்த மாதிரிக் கட்டிடங்கள் வரிசையாக நிற்கின்றன. இதற்குப் பெயர் வெண்முகில். எஸ்தர் வசிப்பது அங்கிருந்து ஒரு பஸ் தூரத்தில், பெரும்பாக்கம் குடிசை மாற்று வாரியத்து போர்டு வீட்டில். வீட்டில் முதல் பட்டதாரி அவள்தான். பி.இ. எலெக்ட்ரானிக்ஸ் படித்தவள் ஏணியில் ஏறி கேமரா துடைக்கிறாள் என்று தெருவில் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். இன்டர்வியூவில் முகவரியைப் படித்ததும் முகம் மாறிய ஆபீசர்களைப் பற்றி அவர்களுக்கு என்ன தெரியும்.

கேட்டுக்கு எதிரே பிளாட்ஃபாரத்தில் உட்கார்ந்திருந்த ஒரு பெண் எழுந்து ஓடிவந்து எஸ்தரின் பையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீ கேமரா பாக்கற பொண்ணா?"

"ஆமாக்கா. என்ன வேணும்?"

"எம் பேரு செல்வராணி. எங்கக்கா தவமணி இங்கதான் கூட்டிப் பெருக்கறா. வியாழக்கிழம காலைல நான்தான் கூட்டியாந்து இந்தக் கேட்டாண்ட வுட்டேன். உள்ள போனவ வெளிய வரல. பூமி முழுங்கிச்சா இன்னா?"

"போலீஸுக்குப் போனீங்களா?"

"போனேன். வந்து டிவி பொட்டியப் பாத்தானுங்க. அவ அன்னைக்கு வரவேயில்லன்னு சொல்லிட்டானுங்க. எவன் கூடவோ ஓடிட்டாளாம். நாப்பத்தாறு வயசுல, சக்கர வியாதி வச்சிக்கினு, எவன் கூட ஓடுவா? ஓடறதுக்கு முட்டி வேணாமா?" சிரிப்பதுபோலத்தான் சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. "இன்னிக்கு சனிக்கிழம. மாத்திரை இங்க எங்கையில இருக்குது. அவ எங்க கீறாளோ."

"பாக்கறேன்க்கா" என்றாள் எஸ்தர். சும்மா சொல்லவில்லை.

பாதுகாப்பு அறை பேஸ்மென்ட்டில் இருந்தது. குடியிருப்போர் சங்கத்துச் செயலாளர் முகுந்தன் காத்துக்கொண்டிருந்தார். வெளுத்த சட்டை, நடைப்பயிற்சி ஷூ, மரியாதையான ஆள். "உட்காரும்மா" என்று நாற்காலியைக்கூட நகர்த்திப் போட்டார். அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

திரையில் லாபி பளிச்சென்று தெரிந்தது. பூச்சியும் இல்லை, கூடும் இல்லை.

"இதோ பாரு. இங்க ஒண்ணு" என்று அவர் விரலை வைத்தார். "லிஃப்ட் பக்கத்துல இன்னொண்ணு. மெதுவா நகருது பாத்தியா? ரெண்டு நாளா எல்லா வீட்டு ஃபோன்லயும் இப்படித்தான் தெரியுது. குரூப்புல திட்டித் தீக்கறாங்க."

அவர் விரல் வைத்திருந்த இடத்தில் நீலக்கோட்டு போட்ட ஒரு பெண் குனிந்து பெருக்கிக்கொண்டிருந்தாள். லிஃப்ட் பக்கத்தில் ஒருவர் குப்பைப் பையைக் கட்டிக்கொண்டிருந்தார்.

எஸ்தருக்குக் காது மடல் சூடேறியது. "சார், அது கறை இல்ல. ஆளு."

"என்னது?"

"ஆளு சார். உங்ககிட்ட வேலை பாக்கற ஆளு."

அவள் வேற்று மொழியில் பேசியதுபோல ஒரு கணம் விழித்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். "அது என்னவோ எனக்குத் தெரியலம்மா. வெள்ளிக்கிழமை இடி விழுந்துதுல்ல, அன்னைக்கு ரெக்கார்டர் கம்பெனிக்காரன் வந்து மெஷினை ரீசெட் பண்ணிட்டான். முன்னாடி ஒரு பையன் நமக்குன்னே ஸ்பெஷலா மாத்தி எழுதிக் குடுத்திருந்தான், அதெல்லாம் போயிடுச்சு. பேக்கப் இருக்கு. அதைப் போட்டுட்டா பழையபடி ஆயிடும். டில்லிபாபுவை எடுத்துத் தரச் சொல்றேன்."

ஃபோன் எடுத்து அழைத்தார். அவருக்குப் பின்னால், எட்டினால் தொடுகிற தூரத்தில், கதவோரம் நின்றிருந்த காக்கிச் சட்டைக்காரரின் பாக்கெட்டில் ஃபோன் அடித்தது. அவர் எடுத்தார்.

"டில்லிபாபு, எங்க இருக்க?"

"இங்கதான் சார் இருக்கேன்."

"எங்க இருந்தாலும் சீக்கிரம் செக்யூரிட்டி ரூமுக்கு வா. அந்த பேக்கப் டிஸ்க்கை எடுத்து இந்தப் பொண்ணுகிட்ட குடு."

"சரி சார்."

முகுந்தன் ஃபோனை வைத்தார். திரும்பிப் பார்க்காமல் வெளியே நடந்தார். டில்லிபாபு உடம்பைச் சுருக்கிச் சுவரோடு ஒட்டிக்கொண்டார். ஒட்டாமலிருந்தால் அவர் நேராக இடித்துக்கொண்டே போயிருப்பார் போலிருந்தது.

"ஏண்ணே, இந்தாளுக்கு இவ்ளோ திமிரா?" எஸ்தர் வெடித்தாள். "பக்கத்துல நிக்கிற மனுஷன்கிட்ட ஃபோன்ல பேசறாரு. பெருக்கற அம்மாவைக் கறைங்கறாரு. நீங்களும் சரி சார் சரி சார்னு நிக்கறீங்க."

"வுடு மேடம். பழகிப் போச்சு" என்றார் டில்லிபாபு. ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசராம். அலமாரியைத் திறந்து, ரீசெட் செய்தபோது மெஷினிலிருந்து கழற்றி வைத்திருந்த கறுப்பு ஹார்ட் டிஸ்க்கை எடுத்து நீட்டினார்.

ரெக்கார்டரைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ரீசெட் செய்தால் செட்டிங்ஸ் மட்டும்தான் அழியும், பதிவான படம் அழியாது. அதனால் எஸ்தர் பேக்கப்பைத் தொடுவதற்கு முன் வியாழக்கிழமையைத் திறந்தாள். லாபி கேமரா, காலை.

யாருமில்லை. பளிங்குத் தரை மட்டும் இருந்தது. அப்புறம் தரையில் ஒரு ஈரம் தோன்றியது. அரைவட்டமாக ஒரு வீச்சு, பக்கத்திலேயே இன்னொரு அரைவட்டம், அடுத்தது. சுவரிலிருந்து நடுத்தரைக்கு ஈரம் தானாகப் பின்வாங்கி வந்துகொண்டேயிருந்தது. துடைக்க ஆளில்லை, துணியில்லை, வாளியில்லை. லிஃப்ட் கதவு திறந்து, யாரையோ ஏற்றிக்கொண்டதுபோல நின்று மூடிக்கொண்டது. மூலையில் இருந்த குப்பைப் பை இருந்த இடத்திலேயே இல்லாமல் போனது.

எஸ்தர் நாற்காலியைத் திரையருகே இழுத்துக்கொண்டாள்.

"இன்னாண்ணே இது?"

டில்லிபாபு திரையைப் பார்க்கவில்லை. "அந்தப் பையன் மாத்தி வச்சது இதான் மேடம். நாலு வருஷம் முன்ன சங்கத்துல தீர்மானம் போட்டாங்க. வெளிநாட்டுல இருக்கற புள்ளைங்கல்லாம் ஃபோன்ல லாபியப் பாக்குதுங்களாம். எந்நேரமும் தொடப்பமும் பக்கெட்டுமா இருக்குதாம். அந்தப் பையன் எங்க எல்லாரையும் வரிசையா நிக்க வச்சி ஃபோட்டோ புடிச்சான். ஐடி கார்டுக்குன்னு நெனச்சி நாங்க தலை சீவிக்கினு, பவுடர் போட்டுக்கினு வந்தோம்."

"ஆளுங்களை அழிக்குதா?"

"ஆளையும் அழிக்கும். நாங்க தொட்ட பொருளையும் அழிக்கும்."

எஸ்தர் படத்தை ஓட்டினாள்.

ஈரம் தூண் வரைக்கும் வந்தது. அங்கே ஒரு அரைவட்டம் பாதியில் இழுபட்டு, கோணலாகப் போய் நின்றது. அதற்கப்புறம் புதிய ஈரம் எதுவும் தோன்றவில்லை.

பள்ளிக்கூட நேரம். லிஃப்ட் திறந்தது. குடியிருப்பவர்கள் வர ஆரம்பித்தார்கள். இவர்கள் தெரிந்தார்கள். ஜிம் உடை போட்ட ஒரு பெண் நேராக நடந்து வந்து, தூணுக்கு அருகே சட்டென்று வளைந்து, எதையோ சுற்றிக்கொண்டு போனாள். தரையில் ஒன்றுமில்லை. பின்னால் வந்த இரண்டு பேர் அதே இடத்தில் அதே மாதிரி வளைந்தார்கள். லேப்டாப் பை மாட்டிய இளைஞன் வளைந்தான். சீருடை போட்ட குட்டிப்பெண் ஒருத்தி மட்டும் நின்றாள். வெறும் தரைக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து உற்றுப் பார்த்தாள். அவளுடைய அம்மா கையைப் பிடித்து வெடுக்கென்று இழுத்துக்கொண்டு போனாள். அப்புறம் முகுந்தன் வந்தார், கையில் மடித்த செய்தித்தாளோடு. அவர் சுற்றவில்லை. காலைத் தூக்கி எதையோ தாண்டினார்.

"அண்ணே" என்றாள் எஸ்தர். திரையில் தூணடியைத் தொட்டுக் காட்டினாள். "அங்க என்ன இருக்கு?"

டில்லிபாபு தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவள் டிஸ்க்கைச் செருகினாள். செட்டிங்ஸ் பேக்கப் என்பது ஒரு ஃபோட்டோ அளவுகூட இருக்காது. இந்த டிஸ்க்கோ நிரம்பி வழிந்தது. திறந்து பார்த்தபோது புரிந்தது. யாரை அழிக்க வேண்டும் என்று மெஷின் மறக்காமலிருக்க வேண்டுமே. அதனால் படத்திலிருந்து வெட்டிய ஒவ்வொரு ஆளையும் அது ஒரு பக்கம் சேர்த்து வைத்திருந்தது. அந்தப் பையனும் எதுவும் பார்க்காமல் எல்லாவற்றையும் பேக்கப்பில் போகும்படி எழுதி வைத்துவிட்டிருக்கிறான். தினமும் ராத்திரி அது தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்திருக்கிறது.

நாலு வருஷத்து ஆட்கள். இடம் கிடையாது. தரையும் சுவரும் கிடையாது. வெறும் வெள்ளையில் ஒரு பெண் மாப் தள்ளிக்கொண்டே நடந்தாள். வெள்ளையில் ஒருவர் இல்லாத படிக்கட்டில் ஏறினார். வெள்ளையில் இரண்டு பேர் இல்லாத சுவரில் சாய்ந்து டீ குடித்தார்கள். அந்தரத்தில் மிதக்கிற பிணங்களைப் போல, ஆனால் எல்லோரும் வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

இடம் ஒரு பெட்டியில், ஆட்கள் ஒரு பெட்டியில். சேர்த்து ஒட்ட வேண்டும். இரண்டிலும் மெஷின் குறித்து வைத்திருந்த நேரத்தை எடுத்து, ஒன்றின்மேல் ஒன்றைப் பொருத்த, மதியம் வரை ஆனது. அதுவரை அந்த ஆளில்லாத லாபியையே மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் எரிந்தது. கடைசியில் பொருந்தியது.

நீலக்கோட்டு போட்ட தவமணி துடைத்துக்கொண்டே வருகிறாள். தூண் பக்கத்தில் நிற்கிறாள். வலது கால் மடங்குகிறது. விழுகிறாள். வருகிற ஒவ்வொருவருக்கும் இடது கையைத் தூக்குகிறாள். வாய் திறந்து மூடுகிறது. கேமராவுக்குச் சத்தம் கிடையாது. ஒவ்வொருவரும் வளைந்து போகிறார்கள். குட்டிப்பெண்ணைப் பார்த்து அவள் ஏதோ சொல்கிறாள். முகுந்தன் அவள் வயிற்றைத் தாண்டுகிறார்.

எஸ்தர் எழுந்து போய் செல்வராணியைக் கேட்டிலிருந்து கையைப் பிடித்து அழைத்து வந்தாள். "என்கூட வந்தவங்க" என்றாள் காவலாளியிடம், அவர் கேட்பதற்கு முன்னாலேயே.

செல்வராணி பார்த்தாள். அழவில்லை. தவமணி கிடந்த இடத்துக்கு ஒரு குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு டில்லிபாபு வந்து, அவளை அள்ளி அதில் கிடத்துவதையும் பார்த்தாள். பார்த்து முடித்துவிட்டு, தரையில் உட்கார்ந்திருந்தவரின் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டாள்.

"எங்கடா போட்ட எங்கக்காவ?"

"ஆஸ்பத்திரிலதான்மா! சாமி சத்தியமா! கவர்மென்ட் ஆஸ்பத்திரி வாசல்லதான் வுட்டேன். உசிரு இருந்துச்சு!" டில்லிபாபு கன்னத்தைப் பிடித்துக்கொண்டு கதறினார். "செகரட்டரிக்கு ஃபோன் போட்டு ஆம்புலன்ஸ் கேட்டேன். இப்பத்தான் லாபி வழியா வரேன், அங்க ஒண்ணுமேயில்ல, குடிச்சிருக்கியான்னு வச்சிட்டாரு. அவரு சொல்லாம கேட்டுல ஆம்புலன்ஸ வுட மாட்டாங்க. லோடு ஆட்டோல ஏத்திக்கினு போனேன். ஆஸ்பத்திரில நீ யாரு, இன்னா ஆச்சுன்னு கேட்டாங்க. நான்தான் அடிச்சேன்னு தலைல கட்டிடுவாங்கன்னு பயந்து வந்துட்டேன். போலீஸ்காரங்க வந்து கேமராவுல இல்லன்னதும், நானும் வரலன்னு சொல்லிட்டேன்."

"மூணு நாளா வெளிய உக்காந்துக்கினு இருந்தேனேடா. என்னாண்ட சொல்றதுக்கு இன்னா?"



அப்போது கதவு திறந்தது. முகுந்தன்.

"என்னம்மா, ஆச்சா?"

செல்வராணி பாய்ந்தாள். அவர் முகத்துக்கு நேராக, எச்சில் தெறிக்க, "கண்ணு இல்லியாய்யா ஒனக்கு? மனுஷி கெடந்தா தாண்டிக்கினா போவ?" என்று கத்தினாள். அவர் காதைத் தேய்த்துக்கொண்டார். சுற்றுமுற்றும் பார்த்தார்.

"ஏதோ மோட்டார் சத்தம் கேக்குதே. பம்ப் ரூமைப் பாக்கச் சொல்லணும்."

செல்வராணி எஸ்தரைத் திரும்பிப் பார்த்தாள்.

எஸ்தருக்கு இன்னும் கோபம்தான் வந்தது. நடிக்கிறான் கிழவன் என்றுதான் நினைத்தாள். திரையை அவர் பக்கம் திருப்பி ஓட்டிக் காட்டினாள். "சார், இது நீங்க. கீழ கிடக்கறது தவமணியம்மா. நீங்க தாண்டறீங்க. பாருங்க."

அவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்து பார்த்தார். உண்மையாகவே முயற்சி செய்தார். நெற்றி சுருங்கியது.

"தரைதான்மா இருக்கு. ஈரமா இருக்கு, வழுக்கும், அதான் தாண்டறேன்." விரலைக் கொண்டுபோய் தவமணியின் முகத்தின்மேல் வைத்தார். "ஆங், இதான். இந்தக் கறையைத்தான் எடுக்கச் சொன்னேன்."

எஸ்தரின் கோபம் இருந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. இந்த ஆள் நடிக்கவில்லை. பொய்கூடச் சொல்லவில்லை.

"டில்லியண்ணே" என்றாள், அவரிடமிருந்து கண்ணை எடுக்காமல். "இது எப்பலேர்ந்து?"

"முதல் வருஷம் திட்டுவாங்க மேடம்" என்றார் டில்லிபாபு மெதுவாக. "மூலைல தூசி இருக்கு, லிஃப்ட்ல ஏறாதன்னு. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா திட்டறதும் நின்னு போச்சு. ஃபோன்ல நாள் பூரா எங்கள இல்லாம பாத்துப் பாத்து, கண்ணும் அதுபோலயே பழகிக்கிச்சோ இன்னாவோ. நாங்களும் நிம்மதின்னு நெனச்சோம்."

"யார்கிட்டம்மா பேசற?" என்றார் முகுந்தன்.

எஸ்தர் டிஸ்க்கைப் பிடுங்கிப் பைக்குள் போட்டாள். ஒட்டிய படத்தை லாபி கேமராவுக்குப் பதிலாக எல்லா வீட்டு ஃபோனுக்கும் போகும்படி விட்டாள், திரும்பத் திரும்ப ஓடும்படி.

"பேக்கப் போட்டாச்சா?"

"போட மாட்டேன் சார்."

"உங்க கம்பெனிக்கு கம்ப்ளெயின்ட் பண்ணுவேன்" என்றார் அவர், அதுவும் மரியாதையாகவே.

"பண்ணுங்க. என்னைக் கண்ணுக்குத் தெரியுதுல்ல, இப்பவே பாத்து வச்சிக்கோங்க."

லோடு ஆட்டோவில் மூன்று பேரும் நெருக்கிக்கொண்டு போனார்கள். வழியெல்லாம் டில்லிபாபுவின் ஃபோன் அடித்துக்கொண்டேயிருந்தது. வீட்டுக்காரர்கள் ஹவுஸ்கீப்பிங் குரூப்பில் போட்ட செய்திகள். அவர் படிக்காமல் எஸ்தரிடம் நீட்டினார். லாபி தூண் பக்கத்தில் பெரிய கறை, யாராவது வந்து துடைக்கவும். இன்னுமா துடைக்கவில்லை? ஆசிட் போட்டுத் தேய்க்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு செய்தி வேறு மாதிரி இருந்தது. என் மகள் அழுகிறாள், அந்தக் கேமராவை ஆஃப் செய்ய முடியுமா?

தவமணி பெண்கள் வார்டில் இருந்தாள். பெயர் தெரியாத பெண்ணாக. பக்கவாதத்தில் வலது பக்கம் முழுவதும் விழுந்துவிட்டது, வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, ஆனால் கண் தெளிவாக இருந்தது. செல்வராணி போய் அவள் இடது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

"பேரு கேட்டாங்க. வாய் வரல" என்றாள் தவமணி. குழறியது, ஆனாலும் புரிந்தது. "இன்னிக்குத்தான் கொஞ்சம் வருது."

"பேசாத. பேசாம இரு."

"கூப்ட்டேன் ராணி. எல்லாரையும் பேரு சொல்லிக் கூப்ட்டேன். அந்த ஜிம்முக்குப் போற பொண்ணு, அது கல்யாணத்துக்குக் கோலம் போட்டது நான்தான். எல்லாரு பேரும் எனக்குத் தெரியும்." மூச்சு வாங்கினாள். "அந்தச் சின்னப்புள்ள காதுல மட்டும்தான் விழுந்துச்சு. அதுக்குள்ள அது பேரச் சொல்றதுக்கு வாய் வரல."

டில்லிபாபு கட்டில் காலடியில் நின்றுகொண்டு தலையை நிமிர்த்தவேயில்லை.

எஸ்தர் வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். செய்ய வேண்டியது நிறைய இருந்தது. கேமராவைப் பார்த்துவிட்டுப் போன எஸ்.ஐ.யின் மேஜையில் இந்த டிஸ்க்கை வைத்து, பார்க்கிறாயா இல்லையா என்று கேட்க வேண்டும். அவர் கண்ணுக்குத் தெரியவில்லை என்றால் தெரிகிற ஒருவரைத் தேட வேண்டும். தெரிகிறவர்கள் இருப்பார்கள். வழக்கறிஞர், பத்திரிகைக்காரர், யாராவது. ஃபோனை எடுத்து எண்களைத் தேடிக்கொண்டிருந்தாள். கண் இன்னும் எரிந்தது. நாள் முழுக்க அந்த ஆளில்லாத லாபியைப் பார்த்த எரிச்சல்.

ஓரக்கண்ணில் ஏதோ மங்கலாக அசைந்தது. இமையைக் கசக்கினாள். போகவில்லை. தரையோரமாக ஒரு நீலக் கறை, மெதுவாக, பெஞ்சுக்குப் பெஞ்சு நகர்ந்து அவள் பக்கம் வந்தது. கண்ணில் தூசி என்று நினைத்து எஸ்தர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காலைக் கொஞ்சம் தூக்கு கண்ணு" என்றது கறை.